கழுத்தைக் கூட்டு, வயிற்றைக் குறை

…தண்ணீர் குடித்திருக்கக் கூடாது, ஒரே மிடறுதான், அதுவும் பல் விளக்கும்போது தொண்டை தானாக இழுத்துக்கொண்டது, ஒரு மிடறு வயிற்றில் எவ்வளவு இடம் பிடித்துவிடும், ஒன்றும் பிடிக்காது, ஆனால் இன்றைக்கு ஒன்றுமில்லாததும் சார்ஜென்ட் டாக்கெட்டை உறுத்தியது. உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரோரம் அரைக்கால் சட்டையோடு வரிசையில் நின்றான். நாற்பத்துநாலு வயது, பதினேழு வருஷ அமெரிக்கப் பட்டாளம், லாரிப் பட்டறைக்குத் தலைமை சார்ஜென்ட், இப்போது வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில்… எடை மேடை விடிந்ததுமே கைவிட்டுவிட்டது. எடை மிஞ்சினவனுக்கு அளவு டேப். டேப்பிலும் மிஞ்சினால்? ஆறு மாதம் முன்பு ஒரு தடவை மிஞ்சியாயிற்று, இன்றைக்கும் மிஞ்சினால் காகிதத்தைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டுவார்கள், பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறது, கென்டக்கி மலைக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது, சுரங்கத்தையும் மூடிவிட்டான்கள், அண்ணன் வீட்டில் சோள ரொட்டி தின்றுகொண்டு அண்ணிக்காரி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி. நாலு மணிக்கே எழுந்து வயிறு சுருங்கட்டும் என்று மூலத்துக்குப் போடும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காரில் ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் வெந்தான். எல்லாரும் செய்கிறதுதான். எவனும் சொல்வதில்லை.

தொப்புளுக்கு நேரே வயிற்றை ஒரு சுற்று, குரல்வளைக்குக் கீழே கழுத்தை ஒரு சுற்று, வயிற்றிலிருந்து கழுத்தைக் கழி, உயரத்தோடு சேர்த்து அட்டவணையில் பார், உடம்பில் இத்தனை கொழுப்பு. எவன் கண்டுபிடித்தானோ, கழுத்து பெருத்தவன் பிழைத்தான். அதனால்தான் ஐந்து மாதமாகத் தலையில் வாரை மாட்டி இரும்புத் தட்டைத் தொங்கவிட்டு, மாடு மாதிரி தலையை ஆட்டி ஆட்டி… போன மாதம் டயர் கடையில் ஃபஸ்ஸல் அதைத்தான் பார்த்துச் சிரித்தான். நெடுஞ்சாலையில் அந்த ஒரு கடைதான் கண்ணில் பட்டது, உள்ளே அவன் இருப்பான் என்று யார் கண்டது, சக்கரத்திலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டே, "என்ன சார்ஜென்ட், கழுத்து காளைமாடு கணக்கா ஆயிடுச்சு? உங்களுக்கும் டேப் வந்துடுச்சா?" என்றான். மூஞ்சியில் வன்மம் இல்லை. அதுதான் பிடிக்கவில்லை. "ஒட்டு புதுசு, காத்து இறங்குனா எங்கிட்டயே கொண்டாங்க, வேற எவங்கிட்டயும் போகாதீங்க" என்று வேறு சொன்னான். பட்டறையில் இருந்தபோது லாரியின் கியர் பெட்டியைக் காதால் கேட்டே எங்கே பல் உடைந்தது என்று சொல்கிறவன், ஓட்டத்தில் எல்லாருக்கும் முந்தி வருகிறவன், தொப்பை மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. அப்போது அவர்கள் படைக் கம்பெனிக்கு டேப் பிடித்தவன் டாக்கெட். நாலு வருஷம் பிடித்தான். ஃபஸ்ஸலை இரண்டு தடவை அவன்தான் அளந்தான், இரண்டாவது தடவை ஒரே ஒரு சதவீதம் மிஞ்சியது, அதோடு அவன் வெளியே. டாக்கெட் யாருக்கும் சலுகை காட்டவில்லை, அப்பழுக்கில்லாத அளவு, அதில் அவனுக்குப் பெருமை, இருக்கட்டுமே, இருக்கக் கூடாதா?

"அடுத்து." டேப்பைப் பிடித்திருந்தவன் க்வின்டேரோ, வேறு கம்பெனி சார்ஜென்ட், முன்பின் பழக்கமில்லை. பழக்கமில்லாதவனிடம் தயவும் இருக்காது, நல்லதுதான். "கையத் தொங்க விடுங்க சார்ஜென்ட். மூச்ச விடுங்க. முழுசா. எக்காதீங்க, தெரியுது." பக்கத்தில் எழுதுகிறவன் கமுக்கமாகச் சிரித்தான். டேப் குளிர்ந்து கிடந்தது, பாம்பு மாதிரி. மூன்று தடவை வயிறு, மூன்று தடவை கழுத்து. டாக்கெட் கீழ்க்கண்ணால் டேப்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான், பழகிய கண். வயிறு நாற்பத்தொன்றும் கொஞ்சமும். கொஞ்சம் இருந்தால் அரை. நாற்பத்தொன்றரை. கழுத்து பதினேழும் கொஞ்சமும், அந்தக் கொஞ்சத்தைத் தள்ளு, பதினேழு. கழித்தால் இருபத்துநாலரை… இருபத்தேழு சதவீதம். அவன் வயசுக்கு விட்டது இருபத்தாறு. போயிற்று. ஐந்து மாதம் ஆட்டின தலை, களிம்பு, பட்டினி, எல்லாம் போயிற்று. காதுக்குள் இரைந்தது, லாரி ஏதோ வெளியே நின்று உறுமுகிற மாதிரி…

"வயிறு நாப்பத்தொண்ணு. கழுத்து பதினேழரை. இருபத்தஞ்சு சதவீதம். தேறிட்டீங்க." 

என்ன? இவன் எதற்கு எனக்கு இரங்குகிறான்? இவனுக்கு என்னிடம் என்ன வேண்டும், லாரியா, சாமான் ஏதாவதா, இல்லை நாளைக்கு மேலிடத்தில் போய் டாக்கெட்டுக்கு நான்தான் பிச்சை போட்டேன் என்று… "தப்பா எழுதுறே" என்றான். "நாப்பத்தொண்ணரை போடு. எனக்கு எவனும் பிச்சை போட வேணாம்." க்வின்டேரோ ஏற இறங்கப் பார்த்தான். "பாஸ் ஆனதுக்குச் சண்டை போடுற மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லி, மேஜைமேல் கிடந்த விதிப் புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்தான். "கழுத்தக் கூட்டிப் போடணும், வயித்தக் குறைச்சுப் போடணும். பக்கத்துல இருக்கிற அரை அங்குலத்துக்கு. படிச்சுப் பாருங்க." டாக்கெட் படித்தான். அவனுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், உதடு அசையும். ஒரு வரி. மறுபடியும் படித்தான். அதே வரி. "இது எப்ப மாத்துனது?" என்றான். "எனக்குத் தெரிஞ்சு மாத்தவே இல்லையே."

அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்த கிழட்டு சார்ஜென்ட் காதில் போட்டது வேறு, சந்தேகம்னா பட்டாளத்து பக்கம் சாய்ச்சு எழுதுடா என்று. அது நியாயமாகப் பட்டது, சம்பளம் கொடுக்கிறவன் பக்கம்தானே எல்லாம் சாயும், சுரங்கத்தில் நிலக்கரி எடை போடுகிறவன் எப்போதாவது கரி வெட்டின அப்பன் பக்கம் முள்ளைச் சாய்த்தானா? புத்தகத்தில் இத்தனை இரக்கத்தை அச்சடித்து வைத்திருப்பான் என்று எந்த மடையன் நினைப்பான்… வயிற்றில் அரை, கழுத்தில் அரை, நாலு வருஷம் ஒவ்வொருத்தனிடமும் ஒரு முழு அங்குலம். ஃபஸ்ஸலுக்கு வேண்டியிருந்தது அதில் பாதிதான். அன்றைக்கு அவன் சட்டை இல்லாமல் நின்றபடி சொன்னானே, "புத்தகத்த ஒரு தடவ பாருங்க சார்ஜென்ட், பார்த்துட்டு எழுதுங்க" என்று. "நான்தான்டா புத்தகம்" என்று வரிசையே சிரிக்கிற மாதிரி சொன்னது யார்? புத்தகம் எங்கே இருந்தது அப்போது? பின் பாக்கெட்டில். நாலு வருஷமும் அங்கேதான் இருந்தது, வியர்வையில் ஊறி ஓரம் சுருண்டு. எழுத்து வராதா? இந்த ஒரு வரிகூடவா வந்திருக்காது?

கையெழுத்துப் போட்டான். "போய் வயிறாரத் தின்னுங்க" என்றான் க்வின்டேரோ. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பைன் மரங்களுக்கு மேல் வெயில் ஏறியிருந்தது. பசி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிடரியைத் தடவிக்கொண்டே காரை நெருங்கினான். இடப்பக்க முன்சக்கரம் அமுங்கிக் கிடந்தது, ஃபஸ்ஸல் ஒட்டுப் போட்ட அதே சக்கரம். கடை இந்நேரம் திறந்திருக்கும், பத்து நிமிஷம்கூட ஆகாது, போய் நின்றால் அவனே எழுந்து வருவான், என்ன சார்ஜென்ட் என்பான், அப்போது என்ன… நெடுஞ்சாலையில் வலது பக்கமாகப் போனால் இருபது மைலில் இன்னொரு டயர் கடை இருப்பது நினைவுக்கு வந்தது. அதுவரை இந்தச் சக்கரம் தாங்குமா என்று அதை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது உதைக்கத் தொடங்கினோம் என்று தெரியாமலே.