சேமிக்காத நம்பர்

காலை எட்டு மணியிலிருந்து அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். வாய் அசைகிறது, சத்தம் உள்ளே வரவில்லை. வராதுதான். ரெக்ஸன் நேற்று போனில் போட்ட விதி அப்படி. நம்பர் சேமித்திருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் வெளியோடு சரி.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து காலேஜ்காரர்கள் அவனை விடவில்லை. "தம்பி, கட்ஆஃப் எவ்வளவு? சிவில் சீட் இருக்கு, ஹாஸ்டல் இருக்கு, பஸ் இருக்கு." சோற்றில் கை வைத்தால் போன், குளிக்கப் போனால் போன். விதி போட்டதும் வீடு அமைதியானது. அவர்கள் நேரில் வந்து கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். அப்பா பதினாலாவது ஆள். பால் வாங்கப் போனவர், திரும்பும்போது மாட்டிக்கொண்டார்.

அப்பா நம்பரை எவன் சேமிப்பான்? ஒன்றாம் வகுப்பு டைரியில் எழுதி எழுதி மனப்பாடம். அம்மா போன மாதம் சிம் மாற்றியதால் அவள் நம்பர் மட்டும் போனில் இருந்தது.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு அப்பா ஒரு சீட்டு எழுதி வீசினார். அது நேராகப் போய் டிவிக்குக் கீழே குப்பை மெசேஜ் விழும் டிராயரில், லோன் நோட்டீஸ்களோடு விழுந்தது.

"எல, அஞ்சு மணிக்குள்ள கவுன்சிலிங்ல உறுதி பண்ணணும்லா?" என்றாள் அம்மா. "அதத்தான் அந்த மனுஷன் சொல்லுதாரு. நம்பரப் போட்டு உள்ள விடு."

"விட்டா சிவில்ம்பாரும்மா. எனக்கு ஐடிஐதான். ஏசி மெக்கானிக்."

"அத எங்கிட்டச் சொல்லி? இந்தா, டீயக் கொண்டுபோய் அவருகிட்டச் சொல்லு."

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கேட் அவனையும் விடவில்லை. நியாயம்தான். தன் நம்பரைத் தன் போனில் சேமிப்பவன் யார்? அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வெளியே எல்லார் சத்தமும் நன்றாகவே கேட்டது.

"வந்தியால," என்றார் அப்பா. "போனு பையிலதான இருக்கு? சிவிலப் போடு."

"வேண்டாம்ப்பா. ஏசி மெக்கானிக் படிக்கேன்."

வீட்டுக்குள் இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே டிவி இல்லை. முன்னால் நின்ற பதின்மூன்று பேரும் லிஸ்டில் அவன் பெயரை அடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்பா டீயை ஊதினார். "நம்ம ஃபிரிட்ஜ் கடகடங்குதே, அது எதனால?"

"அடியில ரப்பர் தேஞ்சிருக்கும்."

"ஓ." ஒரு மிடறு குடித்தார். "சரி, சிவிலப் போடு. ரெண்டு நிமிஷந்தான் இருக்கு."

அதற்குள் ஃபிரிட்ஜ் வீட்டுப் படியிறங்கி வந்து, ரெக்ஸனுக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றது. அதே கடகடப்பு.

"மொதல்ல சிவில்," என்றார் அப்பா. "அப்புறம் அதப் பாரு."

ரெக்ஸன் போனை மதில்மேல் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜை மெல்லத் தன் பக்கம் சாய்த்தான்.