மூன்று சதவீத அக்கா

1

இந்தக் கதையை ஒரு நண்பர் சொன்னார் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'தராசு'. ஐம்பது பழைய கணினிகளில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்களை நான்கு பெரிய சர்வர்களுக்குள் குடிவைப்பது அவர் வேலை. எதற்குத் தனி அறை, எது பொதுக்கூடத்தில் மற்றவற்றோடு பங்கிட்டுக்கொள்ளலாம் என்று அளந்து சொல்லவேண்டும். (தனி அறைக்குள் வேறு யாரும் நுழைய முடியாது. காலியாகக் கிடந்தாலும் கிடக்கவேண்டியதுதான். அதனால் மேலிடத்துக்குத் தனி அறை என்றாலே வேப்பங்காய்.)

முதல் வரி இப்படி இருந்தது: "அன்று காலை வானம் இருண்டு—"

அடித்துவிட்டேன். சர்வர் அறைக்கு ஜன்னலே கிடையாது.

2

கல்லூரிச் சேர்க்கை மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் எல்லோருக்கும் அக்கா. தராசு அதை இரண்டு வாரம் அளந்தார். கணினியின் சக்தியில் மூன்று சதவீதத்தை அது தாண்டவில்லை.

"அக்கா, உங்க ஆளு நல்லா தூங்குறாரு. பொதுவுல போட்டுடலாமா?"

"விளையாடாத தம்பி. சேர்க்கை ஆரம்பிக்கிற அன்னைக்குப் பாரு, பேய் மாதிரி உழைக்கும். அந்த ஒரு நாளைக்கு முழுசா வேணும். எழுதிக்கோ."

தராசு தலையாட்டினார். படிவத்தில் சராசரிக்குத்தான் கட்டம் இருந்தது, அந்த ஒரு நாளுக்கு இல்லை. பொதுக்கூடத்தில் போட்டாலும், "இவ்வளவு இதற்கென்றே ஒதுக்கு" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. ஐம்பதில் அது முப்பத்தெட்டாவது. பசி வேறு.*

*பசி என்பது சமாளிப்பு. வெட்டிவிடலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

3

சேர்க்கை நாள். காலை பத்து மணிக்கு, அதே சர்வரில் இருந்த வேறு இரண்டு மென்பொருள்கள் ஆண்டறிக்கை தயாரிக்கத் தொடங்கின. சேர்க்கை மூச்சுத் திணறி நின்றது. விண்ணப்பிக்க வந்த பிள்ளைகள் சாயங்காலம் வரை திரையில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் அக்காவிடம் எகிறினார்.

"இவ்வளவு வேணும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னம்மா?"

"சொன்னேன் சார்."

"யார்கிட்ட?"

அக்கா தராசைப் பார்த்தார். தராசு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

4

முதல் முடிவு: தராசு எழுந்து, "என்கிட்டதான் சொன்னாங்க சார்" என்கிறார். அக்கா வேலையில் நீடிக்கிறார். ஐயோ, இதை எழுதும்போது கை எவ்வளவு லேசாக ஓடியது!

இரண்டாவது முடிவு: பல வருடம் கழித்து ஒரு பேருந்தில் அக்காவைச் சந்தித்து மன்னிப்பு— வேண்டாம். அப்படி ஒரு பேருந்து வரவே இல்லை.

நடந்தது: இருபத்திரண்டு வருட மேசையை ஓர் அட்டைப்பெட்டியில் அடைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். லிஃப்ட் வாசலில், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

5

நண்பர் என்று யாரும் இல்லை. தராசு நான்தான்.

போன பிரதியில் அக்காவையே தூக்கிவிட்டேன். இவ்வளவு குறைவாகப் பேசுகிறவருக்குக் கதையில் எதற்கு இடம் என்று தோன்றியது. இந்தப் பிரதியிலும் எண்ணிப் பார்த்தேன், மூன்றே முறைதான் வாய் திறக்கிறார். புத்தி மாறவே இல்லை.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. இதற்குக் கீழே உள்ள வெற்றிடம் அக்காவுக்கு. பொது இல்லை, தனி. நான் நுழையமாட்டேன். நீங்கள் எங்கேயாவது அவரைப் பார்த்தால், "யார்கிட்ட?" என்ற கேள்விக்கு அவர் சொல்லாமல் விட்ட பதிலைக் கேட்டு இங்கே எழுதுங்கள்.

அதுவரை காலியாகவே கிடக்கட்டும்.