மாஸ்டருக்கு மிஞ்சிய பேச்சு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் முடக்கிப் போட்டதோடு நிற்காமல் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. மிச்சம் வைத்தது ஒரே ஒரு இங்கிலீஷ் தொடரை: "பீஸ் ஆஃப் கேக்." ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கிய ஒவ்வொருவரிடமும் அவர் ஆயுசு முழுக்கச் சொன்னது அது. அல்வா சாப்பிடுகிற மாதிரி சுலபம் என்று அர்த்தம். அர்த்தம் கிடக்கட்டும், இப்போது பசித்தாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான்.

அவர் மனைவி லேசுப்பட்டவள் இல்லை. ஸ்கூல் ஆபீசையும் மாஸ்டரையும் சேர்த்தே கட்டி மேய்த்தவள். சீக்கிரமே அந்தத் தொடருக்கு அகராதி போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். வெடுக்கென்று சொன்னால் காபி ஆறிவிட்டது. இழுத்துச் சொன்னால் கால் வலி. கடைசிச் சொல்லை அழுத்தினால், பார்க்க வந்த சொந்தக்காரரைச் சட்டென்று கிளப்பிவிட வேண்டும். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டாள். வாய் பழகிய தொடர்கள் தானாக வரும், மற்ற சொற்களை அவரே முட்டி மோதித் தேடினால்தான் உண்டு, இப்படியே விட்டால் இதுவே நிலைத்துவிடலாம் என்றாள். பிறகு நேராகவே கேட்டாள்.

"நீங்க எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டா, அவர் எதுக்குங்க வேற வார்த்தை தேடணும்?"

மறுநாளிலிருந்து மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கேட்டால் முதலில் பேப்பரைக் கொடுத்தாள். மாஸ்டர் முறைத்தார், விரலால் சுட்டிக் காட்டினார், கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனாலும் விடவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் கையால் காட்டிவிடலாம், அதுதான் தொல்லை என்று பட்டது. கார் ஓட்டுகிறவளிடம் கை காட்டி என்ன பயன்? அவள் கண் போகிற பாதையில் அல்லவா இருக்கும்.

உன் கோபத்துக்கு வண்டி தாங்காது என்று சொல்லி மாஸ்டர் அவளுக்கு மட்டும் கற்றுத்தரவே இல்லை. ஸ்கூலில் வேலை செய்த பெண்ணிடம் ஓசைப்படாமல் கற்றுக்கொண்டாள். பிறகு ஸ்கூல் காரில் மாஸ்டரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, காலி மைதானத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களைப் பார்த்து வண்டியை ஊரவிட்டாள். மாஸ்டர் சாவகாசமாக, கற்றுத்தருகிறவருக்கென்று தன் பக்கம் வைத்திருந்த பிரேக்கை இடது காலால் மிதித்து, "பீஸ் ஆஃப் கேக்" என்றார். அதில் நக்கல் வேறு.

மறுநாள் தங்கையின் காரை வாங்கி வந்தாள். அதில் பிரேக் ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான்.

டயர்கள் நெருங்கின. மாஸ்டர் தன் தொடரைச் சொன்னார், உரக்கச் சொன்னார், டாஷ்போர்டைத் தட்டினார். கால் பிரேக்கைத் தேடி வெறும் விரிப்பை மிதித்தது.

"எனக்குப் புரியலங்க. என்ன செய்யணும்னு வாயால சொல்லுங்க."

"நிறுத்துடி."

மிதித்தாள். அப்படியும் வண்டி டயரில் லேசாக இடித்துத்தான் நின்றது. வேறொரு நாளாக இருந்தால் அந்த 'டி'க்கு இரண்டு வேளை சோறு கிடைத்திருக்காது. இப்போது அவளுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். உதடு துடித்தது. எங்கெங்கோ தேடிவிட்டு, பழைய தொடரோடுதான் திரும்பி வந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். ரிவர்ஸ் போட்டு வண்டியை மைதானத்தின் அந்தக் கோடிவரை பின்னால் கொண்டுபோனாள்.

"மறுபடியும் முட்ட வர்றேன். நீங்க தேடுங்க."