மஞ்சள் மினுக்கிய நாற்சந்தி

இரவில் மஞ்சள் விளக்கை மட்டும் மினுக்கவிட்ட மூன்றாம் நாளிலிருந்து அந்த நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளவில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் வெளியே வந்தன. பெயின்ட்கூட உரசவில்லை. பதினோரு மணிக்கு மேல் அங்கே சிவப்பும் பச்சையும் தண்டம் என்று எழுதிக் கொடுத்தவர் சிக்னல் மெக்கானிக்தான். ஒரு வாரம் விடிய விடிய வண்டிகளை எண்ணச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் கொட்டுகிற மழை, பத்தொன்பது வண்டிதான் வந்தது. மனிதர் அதே பத்தொன்பதை ஏழு நாளுக்கும் எழுதிவிட்டு வீட்டில் தூங்கினார். சோம்பல், வேறென்ன.

விபத்தே இல்லை என்றதும் அதிகாரிக்கு வாயெல்லாம் பல். ஆனால் வண்டியில் இருந்தவர்கள் முழுசாக வெளியே வரவில்லை. பால் வண்டிக்காரர் டாக்ஸிக்காரரின் இருமலோடு வீடு போனார். ஒரு காவலாளிக்குச் சொந்த மகள் பெயர் மறந்து, யாரோ வளர்த்த நாயின் பெயர் நினைவிருந்தது. மனைவிக்கு ராத்திரி ஷிப்ட் போடும்வரை மெக்கானிக் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் நர்ஸ். வேலை முடிந்து இரண்டரை மணிக்கு ஸ்கூட்டரில் அந்தச் சந்தியைத் தாண்டுவாள். குறுக்கே தினமும் ஒரு செங்கல் லாரி வரும். முதல் வாரம் தூக்கத்தில் டயர் காற்றைப் பற்றிப் புலம்பினாள். இரண்டாம் வாரம் சிகரெட் கேட்டாள். மூன்றாம் வாரம் சாப்பிட உட்கார்ந்தவள் அவரை உற்றுப் பார்த்து, "நீங்க எந்த ஊரு அண்ணா?" என்றாள்.

மெக்கானிக் தட்டை அப்படியே விட்டு எழுந்தார். போட்ட சட்டையோடு அதிகாரியிடம் ஓடினார்.

"சார், ராத்திரியும் மூணு கலரும் ஓடணும்."

"ஒரு ஆக்சிடென்ட்கூட இல்லையேப்பா. என்ன காரணம்னு எழுதுறது?"

"நான் எண்ணினது ஒரே ஒரு ராத்திரி சார். மிச்சம் ஆறும் பொய்."

"தெரிஞ்சுதான் பேசறியா? வேலை போயிடும்."

"போகட்டும் சார். வீட்டுல அவ கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கா."

வேலை போயிற்று. போவதற்கு முன் சிக்னல் பெட்டியைத் திறந்து டைமரைத் தன் கையாலேயே மாற்றிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவள் சிவப்புக்கு நின்று, ஒரு நிமிடம் தாமதமாக வந்தாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் போகவில்லை. போனது திரும்பவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் செங்கல் லாரி வந்து நின்றது. முறுக்கு மீசை வைத்த டிரைவர் இறங்கி, அவள் செருப்பு விடும் மூலையிலேயே தன் செருப்பை விட்டு, "என்னங்க, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று தேம்பினார். மெக்கானிக் கதவைச் சாத்தலாமா என்றுகூட நினைத்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

இப்போது டிரைவர் ஞாயிறுதோறும் வருகிறார். பெண் பார்க்க வந்த நாளின் கதையை அவர் சொல்லச் சொல்ல, அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள்.

"அப்புறம்? இவரைப் பிடிச்சிருக்குன்னு நான் சொன்னேனா?"

டிரைவர் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு தலையாட்டுவார்.