தோலில் குறையா, உள்ளே குறையா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாலக்கோடு தக்காளி மண்டியில் பதினாறு வருஷமாகத் தரம் பிரிக்கிறவளுக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? முதல் தரம் ஒரு கிரேட் பெட்டி, ரெண்டாம் தரம் ஒரு கிரேட் பெட்டி, மற்றதெல்லாம் ஒதுக்கல். ரெண்டாம் தரத்தை நாங்கள் செகண்ட்ஸ் என்போம். அதை ஒருநாளும் என் வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோனதில்லை. அதில் எனக்கு ஒரு திமிர்.

என் வீட்டுக்காரர் சவுரியப்பன் மினி லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடல் குழுவுக்கு கிடார் வாசிப்பார். வாசிப்பார் என்றா சொன்னேன்? வாசித்துக்கொண்டிருந்தார். பதினாலு மாதத்துக்கு முன் லாரியின் பின்கதவு இடது கையில் விழுந்து, மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. நடுவிரல் மடங்காது. கம்பியை அழுத்துகிற கை அதுதான். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு, "இனிமே நானும் செகண்ட்ஸுதான்டி. என்ன எந்த கிரேட்ல போடுவ?" என்று கேட்டார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். பாழாய்ப்போன எனக்கு அழுகைதான் வந்தது. அந்த அழுகையைத்தான் அவர் பதிலாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கிடாரைக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கை எந்நேரமும் துண்டுக்குள்ளேயே இருக்கும். என்னிடம்கூடக் காட்டமாட்டார். கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய் நிற்பார். குளிக்கும்போதுகூட எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருந்த மனுஷன்! அவர் மறுபடியும் வாசிக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

போன வாரம் தர்மபுரிக்குப் போனபோது, அப்சல் கடை வாசலில் ஒரு எலக்ட்ரிக் கிடார் தொங்கியது. அப்சல் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவர், வாத்தியங்களும் விற்பார். கிடாரில் ஒரு அட்டை கட்டியிருந்தது: 'லெஃப்ட் ஹேண்ட். பேக்டரி செகண்ட்ஸ். பாதி விலை.' என் கால் அங்கேயே நின்றுவிட்டது. தலைவலித் தைலம் தலைவலிக்காரருக்கு என்றால், லெஃப்ட் ஹேண்ட் கிடார் லெஃப்ட் ஹேண்டில் கோளாறு உள்ளவருக்குத்தானே? என் புத்திக்கு அப்படித்தான் எட்டியது. இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் பதினாலு மாதத்தை வீணாக்கினோமே என்று வயிறு எரிந்தது.

ஆனாலும் செகண்ட்ஸ் என்ற வார்த்தை உறுத்தியது. "தம்பி, குறை தோல்லயா, உள்ளயா?" என்று கேட்டேன்.

அப்சல் விழித்தார். "புரியலீங்கக்கா."

"தக்காளியில தோல்ல தழும்பு இருந்தா கொழம்புக்கு ஆவும். உள்ள அடிபட்டிருந்தா மாட்டுக்குத்தான். இது எது?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்ளோ சரியா யாரும் கேட்டதில்லீங்கக்கா. தோல்லதான்." கிடாரைத் திருப்பி ஓரத்தைக் காட்டினார். பெயிண்ட் கொப்புளித்திருந்தது. பிறகு ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து அதன் கழுத்தில் நீளவாக்கில் வைத்தார். இம்மிகூடக் கோணல் இல்லை. "கழுத்து கோணியிருந்தா சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. பெயிண்டு போனா என்னாங்க, பெயிண்டா பாடப்போவுது? ஒருத்தரு கேட்டாருன்னு கம்பிய மாத்திக் கட்டி வெச்சன், அவரு வரவே இல்ல. சத்தம் கூட்டுற திருகு மட்டும் மேல்பக்கமா வரும், பழகிக்கலாம். வாசிக்கிறவரு லெஃப்ட் ஹேண்டுங்களா?"

"ஆமாம்பா, லெஃப்ட் ஹேண்டுதான்" என்றேன். அவர் ஒன்று கேட்டார், நான் வேறொன்று சொன்னேன். அது இருவருக்கும் தெரியாது. கிடாரோடு கம்பி தட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வில்லை ஒன்றையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மத்தியானம் சாப்பிட வந்த அவர் முன்னால் உறையைத் திறந்தேன். ஒரு நொடி அவர் முகம் பழைய முகமாகிவிட்டது. அடுத்த நொடியே அணைந்துவிட்டது.

"எவன்டி இத உன் தலையில கட்னது? இது பீச்சாங்கைக்காரன் கிடாரு."

"உங்களுக்கும் பீச்சாங்கைதானுங்க கோளாறு?"

"அடிப் பைத்தியமே! கை கோளாறு ஆனவனுக்கு இல்லடி. பொறந்ததுல இருந்து பீச்சாங்கையால தட்றவனுக்கு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம்தான். "குடுங்க இப்படி! இப்பவே கொண்டுபோயி அந்தாளு மூஞ்சியிலயே வீசிட்டு வரன்" என்று பிடுங்கப் போனேன்.

"இர்ரீ. கடைக்காரன் என்னா பண்ணுவான்? நல்லாக் கேட்டுக்கோ. இதுல சோத்தாங்கையால கழுத்தப் புடிச்சி அழுத்தணும். பீச்சாங்கைக்கு ஒண்ணும் பெரிய வேல இல்ல, சும்மா ரெண்டு வெரல்ல..."

பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அவருடைய வலது கை கிடாரின் கழுத்தில் இருந்தது. ஐந்து விரலும் முழுசாக இருக்கிற கை. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். தட்டில் சோறு ஆறிப்போவதை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தார். துண்டு மடியில் விழுந்தது. வெளியே வந்த இடது கையால் வில்லையைப் பிடித்து, கம்பியை ஒரு இழு இழுத்தார். கொசு கத்துகிற மாதிரி சத்தம் வந்தது.

"ஐயோ, இவ்ளோதானா?" என்று பதறினேன்.

"எலக்ட்ரிக்குடி. ஸ்பீக்கர்ல மாட்னாத்தான் கத்தும். காத கிட்ட வெய்யி."

பெயிண்ட் கொப்புளித்த ஓரத்தில் காதை வைத்தேன். மரத்துக்குள் சத்தம் நன்றாகவே இருந்தது. ஆனால் வாசிப்பு மகா மோசம். இருபது வருஷம் வாசித்தவருக்கு வலது கை விரல்கள் இடம் தெரியாமல் தடவின. ஒரு கம்பி சொன்னபடி கேட்டால் இன்னொன்று முரண்டு பிடித்தது. முன்கை திருகில் இடித்தது. நாலாவது முறை வில்லை நழுவித் தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன்.

அவர் கையை நீட்டினார். இடது கையை. பதினாலு மாதத்தில் முதல் தடவையாக, என் முகத்துக்கு நேராக, மறைக்காமல் நீட்டினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வில்லையை வைத்தேன். வைத்த கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

"கேட்ட இல்ல? பொய் சொல்லாத. எந்தத் தரம்?" என்றார்.

தரத்தில் நான் பொய் சொன்னதே இல்லை. "ஒதுக்கலுங்க. செகண்ட்ஸுல கூட சேராது."

சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் மெதுவாக, "அப்ப மாட்டுக்குத்தானா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் சொல்லத் தெரியாத பதில் இப்போது தானாக வந்தது.

"இல்லீங்க. இத நான் வூட்டுக்கு எடுத்துக்கறன்."