புத்தகப் பெட்டியில் வந்த அம்மன்

நாற்பத்தொன்றாம் வருஷம், சரஸ்வதி பூசையன்று, விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா சீனுவாசன், முகையூர்ப் பக்கத்திலிருந்த தன் ஊருக்கு ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் கொண்டுவந்தான். ஊர்ப் பிள்ளைகள் கதை படித்துச் சிரிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் பைத்தியம். பெட்டியைக் கூரைப் பள்ளிக்கூடத்தில் வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? “இது சரஸ்வதி. அழுக்குக் கையால தொட்டா கண்ணு போயிடும்” என்று பிள்ளைகளை மிரட்டிவிட்டு ரயிலேறினான்.

யுத்தகால வேலையில் லீவு கிடைக்கவில்லை. மறுவருஷப் பூசைக்குத்தான் வர முடிந்தது. பெட்டிக்கு மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். மூடியின் இடுக்கில் கரையான் மண் பிதுங்கி நின்றது. அதன்மேல் பால் ஊற்றிய தடம்.

“ஒரு கதையாவது படிச்சீங்களா?” என்று, அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த எட்டு வயது அம்சாவைக் கேட்டான்.

“தொட்டா கண்ணு போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க மாமா? ஒருத்தரும் தொடல. தெனமும் சுத்திக் கும்புட்டுக்கினு இருந்தோம். வாத்தியாருகூட கற்பூரம் காட்டுவாரு. அதான் அம்மனே வந்து புத்து கட்டிக்கினா.”

சீனுவாசன் வெறிபிடித்தவன்போல மூடியைப் பெயர்த்தான். உள்ளே அட்டையும் இல்லை, எழுத்தும் இல்லை. எல்லாம் ஈரமண். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் கண் கலங்கியதைப் பார்த்த அம்சா, அதைப் பக்தி என்றே நினைத்தாள். புற்றுமண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி அவன் நெற்றியில் பூசினாள்.

“நல்லா கும்புட்டுக்குங்க மாமா.”