நாலு பத்துக்கு வரும் தண்ணீர்

மதகுக்காரரின் மகள் கால்வாயில் விழுந்த மறுநாளிலிருந்து, தினமும் மாலை நாலு பத்துக்கு மல்லாந்து மிதந்தபடி வீட்டைக் கடந்து போனாள். வயது ஒன்பதிலேயே நின்றுவிட்டது. தண்ணீரில் விழுந்த செருப்பை எடுக்கக் குனிந்தவள். கால்வாய்த் தண்ணீரில் ஓடும் மின்நிலையத்திலிருந்து தொலைபேசி வராமல் மதகை இறக்கக் கூடாது என்பது விதி. அப்பா விதிப்படி காத்திருந்தார், உத்தரவு வர இருபது நிமிடம் ஆயிற்று. செருப்பு அன்றே மின்நிலையக் குழாயின் வாயிலுள்ள கம்பித் தடுப்பில் சிக்கியது. அவள் சிக்கவில்லை. மிதந்து வருகிறவளைப் பிடிக்கப் போன கைகளில் தண்ணீர்தான் வந்தது.

அதன்பின் அவர் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. நாலு மணியானால் மதகை நாலு விரல் இறக்குவார், தண்ணீர் நடை வேகத்துக்கு அடங்கும். அம்மா கரையோடு கூடவே நடப்பாள், குழாய் வாய் வரை முக்கால் மணி நேரம். "அம்மா, என் செருப்பு கிடைச்சுதா?" என்றுதான் மகள் தினமும் ஆரம்பிப்பாள். கிடைத்தது என்று கேட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுப் பூனை, அத்தை கல்யாணம் எல்லாம். அந்நேரம் ஊரில் விளக்குகள் மங்கும். தையல்காரர் முன்கூட்டியே ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொள்வார். ஒருவரும் புகார் எழுதவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், கட்டுப்படியாகவில்லை என்று மின்நிலையத்தை மூடினார்கள். வறண்ட கால்வாயில் அவள் வரவில்லை. பதினொரு ஆண்டு அப்பா அதன் தரையைப் பெருக்கினார். பாவம், வேறென்ன செய்வார். பிறகு ஒரு கம்பெனி வந்து பழைய கால்வாயிலேயே புது இயந்திரம் வைத்தது. கரை சைக்கிள் பாதையானது. தண்ணீர் திறந்த அன்று நாலு பத்துக்கு அவள் வந்தாள், அதே ஒன்பது வயதில். ஆனால் மதகு இப்போது எங்கோ நகரத்திலிருந்த கணினியின் பேச்சை மட்டுமே கேட்டது. தண்ணீர் முழு வேகத்தில் ஓடியது. அம்மாவுக்கோ முழங்கால் தேய்ந்திருந்தது.

"நாலு விரல் போதும் சார். முக்கால் மணி நேரம்தான்," என்று அப்பா போய்க் கேட்டார்.

கம்பெனிப் பொறியாளர் நல்ல மனிதர், அவருக்கும் கண் கலங்கியது. "என் கையில ஒண்ணுமே இல்லீங்க ஐயா. நானே அதைத் தொட முடியாது."

மகள் கேட்டு முடிப்பதற்குள் தண்ணீர் அவளைக் காதுக்கு எட்டாத தூரம் கொண்டுபோய்விடும். பதில் தெரியாமலே போனாள், பல மாதம். கடைசியில் அம்மா நாலு ஒன்பதுக்கே கரையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெறும் தண்ணீரைப் பார்த்து, "கிடைச்சுது கண்ணு, வீட்டுலதான் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். மகள் கேட்க வாயெடுக்கும்போது பதில் அங்கே இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் மணி அடிப்பதில்லை.